எங்கும் மாறா ஏடு

எழுதியவன் ஏட்டில் வைத்த பொருள் படிப்பவன் கையைச் சேரும்பொழுதும் சிறிதும் வேறுபடாதிருத்தல் வேண்டும் என்பது, எழுத்துத் தோன்றிய நாள்முதல் மக்கள் கொண்டுள்ள பெருவிருப்பமாகும். அவ்விருப்பம் எளிதில் நிறைவேறியதன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், நூலைப் படியெடுப்போர் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக மயங்கி எழுதுதல் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தாலும் ஒரு சொல் இருவகையாகப் படிக்கப்பட்டது. அதனாற் பாடவேறுபாடுகள் மலிந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிடுதற்கு முன், ஏட்டுச்சுவடிகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, உண்மைப் பாடத்தைத் துணிந்தார். அவர் பட்ட அரும்பாட்டைத் தமிழுலகம் நன்கறியும்.

அச்சுப்பொறி பரவியபின் அவ்விடர் பெரும்பாலும் நீங்கிற்று. ஒருமுறை கோத்த எழுத்து, ஆயிரம் படிகளிலும் ஒரே வகையாக நின்றது. ஆனால் கணிப்பொறி தோன்றியபொழுது, பழைய இடர் புதிய கோலங்கொண்டு மீண்டும் வந்தது. ஓரிடத்தில் எழுதிய பக்கம் மற்றோரிடத்தில் வேறு வகையாகத் தோன்றியது. அவ்விடரைப் போக்க எழுந்ததே பிடிஎஃப் என்னும் கோப்பு வடிவம். எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஆவண வடிவம் என்பது அப்பெயரின் பொருளாகும்.

பல நாட்டார் கூடும் இடம்

இக்கோப்பின் பயனை நேரிற் காண விரும்புவோர், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பெரும்புதூருக்குச் செல்லலாம். இராமாநுசர் பிறந்த தலமாகப் போற்றப்பெறும் அவ்வூர், இன்று தொழிற்சாலைகளாலும் புகழ் பெற்றுள்ளது. அதற்குக் கிழக்கே இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் 1998ஆம் ஆண்டிற் கார்களைச் செய்யத் தொடங்கிற்று. தெற்கே, வண்டலூர் – வாலாசாபாத்துச் சாலையும் திருப்பெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோயிற் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், பிரான்சு நாட்டு ரெனோவும் சப்பான் நாட்டு நிசானும் கூடி அமைத்த தொழிற்சாலை 2010ஆம் ஆண்டிலும், செருமானிய டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்துத் தொழிற்சாலை 2012ஆம் ஆண்டிலும் திறக்கப்பெற்றன. கணிப்பொறிகளையே பூட்டிச் செய்யும் தொழிற்சாலையொன்றை டெல் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரில் திறந்தது.

ஒரு காரின் உறுப்புகள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ்ச் செய்யப்படுவன அல்ல. பேராலைக்கு உறுப்புகளைச் செய்து தரும் ஆலைகள் பல. அவ்வாலைகளுக்குச் சிற்றுறுப்புகளைக் கடைந்தும் துளையிட்டும் தரும் சிறு பட்டறைகள் அவற்றினும் பல. ஒரு பொறியாளர் கொரியாவிலோ செருமனியிலோ அமர்ந்து வரைந்த வரைபடம், பல கைகள் மாறி ஒரு சிறு பட்டறையின் கடைசற்காரர் கையை அடைதல் கூடும். வரைந்தவர் கணிப்பொறி ஒரு வகை. இடையில் உள்ளவரது மற்றொரு வகை. பட்டறைக்காரரிடம் உள்ளதோ ஒரு கைப்பேசி மட்டுமே. இவ்வனைத்திலும் அவ்வரைபடம் ஒரே தோற்றமுடையதாக இருத்தல் வேண்டும். ஒரு புள்ளி மறைந்தால் 2.5 மில்லிமீட்டர் 25 மில்லிமீட்டராகிவிடும் அன்றோ?

இடரின் காரணம்

கணிப்பொறியில் எழுதும் சாதாரணக் கோப்பில் எழுத்தின் வடிவம் பொதுவாக இருப்பதில்லை. இன்ன எழுத்து, இன்ன பெயருடைய எழுத்துரு, இன்ன அளவு என்னும் குறிப்புகளே அதில் உள்ளன. திறக்கும் கணிப்பொறி அக்குறிப்புகளைப் படித்துத் தன்னிடமுள்ள எழுத்துருவைக் கொண்டு பக்கத்தை அமைக்கிறது. குறித்த எழுத்துரு அதனிடம் இல்லையெனில், வேறொன்றை எடுத்துக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறவே வரி மாறும், வரி மாறவே பக்கம் மாறும், அட்டவணை சிதையும். சமையற்குறிப்பை மட்டும் அனுப்பினால், சமைப்பவரது அடுப்புக்கும் அரிசிக்கும் ஏற்பச் சோறு வேறுபடுதல் போல்வது இது. பிடிஎஃப் கோப்போ, சமைத்த உணவையே கட்டுச்சோறாகக் கட்டி அனுப்புவது போன்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

சான் வார்னாக், சார்லசு கெசுக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1982ஆம் ஆண்டில் அடோபி என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். பக்கத்தை அச்சுப்பொறிக்கு விளக்கிக் கூறும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மொழியை அந்நிறுவனம் 1984ஆம் ஆண்டில் வெளியிட்டது. எந்தக் கணிப்பொறியிற் செய்த ஆவணமும் எந்தக் கணிப்பொறியிலும் அவ்வாறே தோன்றவும் அச்சாகவும் வேண்டும் என்னும் கருத்தை வார்னாக் 1991ஆம் ஆண்டில் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். அக்கருத்தே 1993ஆம் ஆண்டிற் பிடிஎஃப் ஆக வெளிவந்தது. அதனைப் படிக்கும் மென்பொருள் முதலில் விலைக்கே விற்கப்பட்டது. ஆகவே வாங்குவோர் சிலராயினர். பின்னர் அம்மென்பொருள் விலையின்றி வழங்கப்பெறவே, வடிவம் உலகெங்கும் பரவிற்று. 2008ஆம் ஆண்டில் இவ்வடிவம் ஐஎஸ்ஓ 32000 என்னும் எண்ணுடன் உலகப் பொதுத் தரமாயிற்று. அதன்பின் எவரும் அத்தரத்தின்படி மென்பொருள் எழுதலாம் என்னும் நிலை உறுதிப்பட்டது. ஒருவர் கையில் இருந்த திறவுகோல் ஊர்ப்பொதுவானாற் போன்றது இம்மாற்றம்.

கோப்பின் உள்ளமைப்பு

பிடிஎஃப் கோப்பினுள் ஒவ்வோர் எழுத்தும் கோடும் பக்கத்தில் நிற்கவேண்டிய இடம் எண்ணாற் குறிக்கப்படுகிறது. ஓர் அங்குலத்தை 72 கூறுகளாக்கி, பக்கத்தின் இடப்புறக் கீழ்மூலையிலிருந்து அளப்பது மரபு. 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடைய ஏ4 தாள், இவ்வளவையால் ஏறத்தாழ 595 கூறு அகலமும் 842 கூறு உயரமும் உடையதாகும். பக்கத்துக்கு வேண்டிய எழுத்துருவையும் கோப்பினுள்ளேயே பொதிந்துவைக்கலாம். முழு எழுத்துருவையும் பொதியாமல், பயன்பட்ட எழுத்துகளை மட்டும் பொதிந்து, கோப்பின் அளவைக் குறைத்தலும் உண்டு.

இன்னொரு புதுமையும் இதில் உளது. நூலின் இறுதியிலுள்ள அகரநிரலைப் பார்த்து வேண்டிய பக்கத்தைத் திறப்பது கற்றோர் வழக்கம். பிடிஎஃப் கோப்பின் இறுதியிலும், எப்பொருள் எவ்விடத்தில் உள்ளது என்பதைக் காட்டும் குறிப்பு உண்டு. கணிப்பொறி முதலில் இறுதியையே நோக்கி, அக்குறிப்பின் வழியே வேண்டிய பக்கத்துக்குச் செல்கிறது. கோப்பைப் பெறும்பொழுது இணைய இணைப்பு இடையில் அறுந்து அதன் இறுதிப்பகுதி வந்துசேராவிடின், பழுதுற்றது என்று பலகாலும் கணிப்பொறி கூறுதற்கு இதுவே காரணம்.

பட்டறையில் ஓர் எடுத்துக்காட்டு

ஒரகடத்தை அடுத்த சிற்றூரொன்றில் ஒரு சிறு பட்டறை இருப்பதாகக் கொள்க. அங்கே இருநூறு தாங்கிகள் செய்யும் வேலை வருகிறது. ஏ3 தாளுக்கென வரைந்த வரைபடம் பிடிஎஃப் கோப்பாகக் கைப்பேசிக்கு வந்துசேர்கிறது. பட்டறையின் இளைஞன் அதனை அருகிலுள்ள கடையில் ஏ4 தாளில் அச்சிடுகிறான். தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கும் முறையை அச்சுப்பொறி தானே மேற்கொள்கிறது. ஏ3 தாளின் நீளத்தை ஏ4 தாளின் நீளத்துக்குச் சுருக்கினால், 100 மில்லிமீட்டர்க் கோடு ஏறத்தாழ 71 மில்லிமீட்டராகக் குறுகும். அச்சில் ஓர் அளவு மங்கியிருந்தமையால், அவன் தாளின்மேல் அளவுகோலை வைத்து அளந்து உறுப்பைச் செய்வானாயின், இருநூறும் வீணாகும். இரும்பும் கூலியும் இழப்பாவதோடு, அடுத்த வேலையும் கைவிட்டுப் போகும்.

இதில் கோப்பின் பிழை ஒன்றுமில்லை. திரையிற் கண்ட கோடு தாளில் அதே நீளமுடையதாக வேண்டுமாயின், உரிய அளவுடைய தாளில், உள்ளபடியே அச்சிடும் முறையைத் தெரிவு செய்தல் வேண்டும். அதனினும் முதன்மையான விதி ஒன்று உண்டு. வரைபடத்தில் எழுதிய எண்ணைப் படித்தல் வேண்டுமேயன்றி, தாளை அளந்து பொருள் செய்தலாகாது. எண் விளங்காவிடின், அனுப்பியவரைக் கேட்டலே முறை.

அப்பட்டறைக்கு வேறோர் இடரும் நேரலாம். சென்ற மாதம் வந்த வரைபடத்தில் துளையின் விட்டம் 8 மில்லிமீட்டர். இம்மாதம் அது 8.5 மில்லிமீட்டராகத் திருத்தப்பெற்றுப் புதிய கோப்பு அனுப்பப்படுகிறது. இரு கோப்புகளும் ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பழைய கோப்பு, தான் பழையதாகிவிட்டது என்று பொதுவாகத் தானே கூறுவதில்லை. அன்று எவ்வாறு இருந்ததோ, இன்றும் அவ்வாறே பொலிவுடன் நிற்கிறது. மாறாமை அதன் சிறப்பு. அம்மாறாமையே இங்கே இடர். ஆகவே வரைபடத்தின் மூலையிலுள்ள பெயர்க்கட்டத்தில் எத்தனையாவது திருத்தம் என்று குறித்திருப்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். கோப்பின் பெயரிலும் திருத்த எண்ணையும் நாளையும் சேர்த்து எழுதுதல் நலம்.

கோப்பை ஆக்கும் முறைகள்

பிடிஎஃப் கோப்பை ஆக்குதல் இன்று எளிது. விண்டோஸ் கணிப்பொறிகளில், 2015ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10 முதலாக, அச்சிடும் கட்டளையிலேயே பிடிஎஃப் என்னும் பெயர்கொண்ட அச்சுப்பொறி ஒன்று காட்டப்படுகிறது. அதனைத் தெரிந்தால் தாளுக்கு மாறாகக் கோப்பு உண்டாகும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகளில் அச்சிடும் பெட்டியிலேயே பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வழி உண்டு. லினக்ஸ் கணிப்பொறிகளில் லிப்ரே ஆபீஸ் என்னும் விலையில்லா மென்பொருளில், ஏற்றுமதி என்னும் கட்டளையால் ஆக்கலாம். ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும் அச்சிடும் கட்டளை வழியே பிடிஎஃப் ஆகச் சேமித்தல் இயலும்.

ஆயினும் அச்சிடும் வழியால் ஆக்குவதற்கும், எழுதும் மென்பொருளின் சேமிக்கும் வழியாலோ ஏற்றுமதி வழியாலோ ஆக்குவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதிற் பெரும்பாலும் பக்கத்தின் தோற்றமே மிஞ்சும். பின்னதில் தலைப்பு இது, பத்தி இது, அட்டவணை இது என்னும் அமைப்புக் குறிகளையும், சொடுக்கினால் வேறிடம் செல்லும் இணைப்புகளையும் காத்துக்கொள்ளலாம். நெடுங்காலம் வைத்துக் காக்கவேண்டிய ஆவணங்களுக்கென்று பிடிஎஃப்-ஏ என்னும் சிறப்பு வகை 2005ஆம் ஆண்டில் தரமாக்கப்பெற்றது. வேண்டும் எழுத்துருக்கள் யாவும் உள்ளே பொதியப்பட்டிருத்தல் வேண்டும். கடவுச்சொற் பூட்டு இருத்தல் ஆகாது என்பன அதன் விதிகளுட் சில. ஐம்பதாண்டு கழித்துத் திறப்பவரிடம் இன்றைய எழுத்துருவும் இராது, இன்றைய கடவுச்சொல்லும் இராது என்னும் முன்னறிவே அவ்விதிகளுக்கு அடிப்படை.

தமிழெழுத்தின் நிலை

இனித் தமிழுக்குரிய செய்தியைக் காண்போர், தோற்றம் ஒன்று, உள்ளீடு மற்றொன்று என்பதை உணர்தல் வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. முற்காலத்தில் தமிழெழுத்துருச் செய்தோர் பலர், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தனர். பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், திரையில் தமிழே தோன்றும். உள்ளே கிடப்பனவோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். அவ்வெழுத்துருவைப் பொதிந்து பிடிஎஃப் ஆக்கினால், அக்கோப்பு எங்குத் திறந்தாலும் அழகிய தமிழாகக் காட்சி தரும். ஆயினும் அதில் 'தமிழ்' என்னும் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமே வரும்.

இக்குழப்பத்தைப் போக்கப் பல முயற்சிகள் நிகழ்ந்தன. 1999ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு, டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. உலகமொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யுனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அம்முறையிற் 'க' என்னும் எழுத்துக்கு உரிய எண் 2965. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு யுனிகோடு முறையைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

யுனிகோட்டில் எழுதினாலும் ஒரு நுட்பம் உண்டு. 'கெ' என்று எழுதுங்கால், கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு முன்னும் ககரம் பின்னும் தோன்றும். யுனிகோட்டிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னும் வைக்கப்படும். பிடிஎஃப், கண்ணுக்குத் தோன்றும் முறையில் வடிவங்களை நிறுத்துவதாகலின், செம்மையாகச் செய்யாத மென்பொருளால் ஆக்கிய கோப்பிலிருந்து படியெடுக்கும்பொழுது கொம்பு இடம்மாறி வருதல் உண்டு. புத்தகப் பக்கத்தை நிழற்படமாக எடுத்து ஆக்கிய கோப்பிலோ எழுத்தே இராது. படம் மட்டுமே இருக்கும். படத்திலுள்ள எழுத்தை உணரும் மென்பொருள்கொண்டு அதனை எழுத்தாக்கி, பின் மனிதர் பிழைதிருத்தல் வேண்டும்.

தோற்றம் சரியாயிருக்க, உள்ளீடு எவ்வாறிருந்தால் என்ன என்று சிலர் வினவலாம். கண்பார்வை இல்லாத மாணவர் ஒருவரை நினைத்துப் பார்த்தல் அவ்வினாவுக்கு விடையாகும். அவர்க்குத் திரையின் தோற்றம் பயன்படாது. உள்ளேயுள்ள எழுத்தைக் கணிப்பொறி உரக்கப் படிப்பதைக் கேட்டே அவர் கற்கிறார். பழைய எழுத்துருவால் ஆகிய கோப்பைத் திறந்தால், தமிழ்ப்பாடத்துக்கு மாறாகப் பொருளற்ற ஒலிகளே அவர் செவியில் விழும். நிழற்படக் கோப்பாயின், ஒலியே எழாது. பார்வையுடையோர்க்கு நிறைந்த ஏடாகக் காண்பது, அவர்க்கு வெற்றேடு ஆகும். இத்தகையோரும் படிக்கும்படி கோப்பை அமைத்தற்குரிய தரம் 2012ஆம் ஆண்டில் ஐஎஸ்ஓ 14289 என்னும் எண்ணுடன் வெளியிடப்பெற்றது.

1998ஆம் ஆண்டு பொங்கல் நன்னாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிடிஎஃப் முதலிய வடிவங்களில் விலையின்றி வழங்கி வருகின்றனர். படமாக எடுத்து வைத்தலோடு நில்லாது, எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டுப் பிழைதிருத்திய அவர் உழைப்பின் அருமை, மேற்கூறியவற்றால் இனிது விளங்கும்.

கையாளுதலிற் காக்கவேண்டியன

பிடிஎஃப் கோப்பை எவராலும் திருத்த இயலாது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. உரிய மென்பொருள் உடையார் அதனைத் திருத்தலாம். ஆகவே வேலைக்கு ஆணை வந்துள்ளது, முன்பணம் கட்டுக என்று ஒரு கோப்பு வருமாயின், அதிலுள்ள நிறுவனச் சின்னத்தையும் கையொப்பப் படத்தையும் கண்டு மயங்கலாகாது. தொழிற்சாலைகள் மிகுந்த இடத்தில் வேலை தேடும் இளைஞர் இதனை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். கையொப்பத்தின் படம் வேறு, எண்முறைக் கையொப்பம் வேறு. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் ஏற்கப்பெற்ற எண்முறைக் கையொப்பம், ஒப்பமிட்டபின் கோப்பில் மாற்றம் நிகழ்ந்திருப்பின் அதனைக் காட்டிக்கொடுக்கும். படமோ வாய்திறவாது.

மறைக்கவேண்டிய எண்ணின்மேல் கருங்கட்டம் ஒன்றை வரைந்துவிட்டால் அது மறைந்துவிட்டது எனக் கருதுதலும் பிழை. கட்டத்தின்கீழ் எழுத்து அப்படியே இருக்கக்கூடும். படியெடுத்து ஒட்டுவார்க்கு அது வெளிப்படும். மறைக்கவேண்டியதை முதற்கோப்பிலேயே நீக்கியபின் பிடிஎஃப் ஆக்குதலே தக்கது.

முடிவுரை

அனுப்புமுன் கோப்பை மற்றொரு கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ திறந்து பார்த்தல், எழுத்துரு பொதியப்பட்டுள்ளதா எனக் கோப்பின் பண்புப் பட்டியலில் நோக்குதல், ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தல், ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டிப் பார்த்தல் ஆகிய நான்கும் சில நிமிடங்களில் முடிவன. அச்சில நிமிடங்களால் ஒரு பட்டறையின் உழைப்பும், ஒரு மாணவரின் கல்வியும் காக்கப்படும். ஓலைச்சுவடிக் காலத்தில் ஏடெழுதியவர் செய்த பிழையைப் பிற்காலத்தார் பல்லாண்டு உழைத்துத் திருத்த நேர்ந்தது. இக்காலத்தார் ஆக்கும் ஏடு, பார்ப்பார்க்கு மட்டுமன்றித் தேடுவார்க்கும் கேட்பார்க்கும் உதவுமாறு செம்மையாய் அமையுமாயின், அத்தகைய துன்பம் வருங்காலத்தாரை அணுகாது.

பயிற்சி

1. சாதாரணக் கோப்பு ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றதும் தோற்றம் மாறுதற்குக் காரணம் யாது?
2. ஏ3 வரைபடத்தை ஏ4 தாளிற் சுருக்கி அச்சிட்டால், 140 மில்லிமீட்டர்க் கோடு ஏறத்தாழ எவ்வளவு நீளமுடையதாகும்?
3. 'மாறாமை அதன் சிறப்பு. அம்மாறாமையே இங்கே இடர்.' இக்கூற்றை விளக்குக.
4. தமிழ்ப் பத்தி ஒன்றை எழுதிப் பிடிஎஃப் ஆக்குக. அதில் ஒரு சொல்லைத் தேடியும், ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டியும் பார்த்து, கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.